ஏழாம் கேள்விக்கு எழுதிய பதில்

ஏழாம் கேள்விக்கு ரோவெலின் இரண்டே சொல்லில் பதில் எழுதினாள். எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்துக்காக அந்தக் கோடை முழுக்க அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நன்றாக வேண்டும் அவளுக்கு என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வருகிறது. ஆனால் பதினாறு வயதில் நாம் ஒவ்வொருவரும் எழுதிய பதில்களைத் தோண்டி எடுத்தால், நிமிர்ந்து நடக்க ஊரில் ஆள் மிஞ்சாது.

கேள்வி இது: "இந்த இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" அவள் எழுதிய பதில்: "யாரும் இல்லை."

அவள் அம்மா பயன்படுத்திக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில், கண்ணுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும். அந்த வருடம் போஹோல் தீவின் தென்கரையில் இருந்த அந்தச் சின்ன டவுனில், உயர்நிலைப் பள்ளியைத் திறந்து வைத்து ஒரு கோடை முகாம் நடத்தினார்கள். ஆறு வாரம், முப்பது பிள்ளைகள். வெயில் ஏன் ஏறுகிறது, கடல் ஏன் ஏறுகிறது, புயல் ஏன் வருடத்துக்கு வருடம் வெறி பிடித்து வருகிறது, அதற்கெல்லாம் நம் கையால் ஆகிற காரியம் என்ன என்று சொல்லிக் கொடுக்கிற முகாம். நடத்தியவர் எல்மர் சார். பக்கத்துத் தீவான செபுவிலிருந்து கப்பல் ஏறி வந்தவர், இருபத்தேழு வயது, தாடைக்குக் கீழே கயிறு கட்டிய தொப்பி. நல்ல மனிதர். ஆறு வாரத்தில் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஏழாவது வாரம் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டே இருப்பார்.

சூரிய விளக்கு, காய்கறிக் கழிவில் உரம், மழைநீர்த் தொட்டி என்று ஏதேதோ பேசினார்கள். கடைசியில் எல்லாருக்கும் பிடித்தது அலையாத்தி மரம்தான். புயலைத் தடுக்கும், காற்றில் ஏறும் கரியைக் குடிக்கும், மீனுக்கு வீடாகும். அதைவிட முக்கியம், நடுவது சுலபம். பாக்காவ் என்று அவர்கள் சொல்லும் அலையாத்தியின் காய் முருங்கைக்காயைத் தடியாக்கியதுபோல் நீளமாக இருக்கும். சேற்றில் குத்தினால் நிற்கும். குத்திவிட்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே குத்துவது என்பதில்தான் விஷயம். லாவிஸ் என்ற மீனவக் குடியிருப்புக்குப் பின்னால் கரை உடைந்த பழைய இறால் பண்ணை ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டை வெட்டித்தான் அதைப் பண்ணையாக்கினார்கள். மரம் திரும்ப வர வேண்டிய இடம் அதுதான் என்று எல்மர் சாரே கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார். ஆனால் அங்கே தொடை வரை சேறு, கொசு, போதாததற்கு பண்ணைக்காரரின் வாரிசுகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு இடம் லாவிஸுக்கு முன்னால், சாலையை ஒட்டி. கடல் வற்றும்போது அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு, கடலடிப் பாறையின் விளிம்பு வரை, கணுக்கால் தண்ணீரில் கடல்புல் விரிந்து கிடக்கும். ரப்பர் செருப்போடு நடக்கலாம். பஸ் பக்கத்திலேயே நிற்கும். எல்மர் சார் வாக்கெடுப்பு வைத்தார். இருபத்தாறு கை புல்வெளிக்குத் தூக்கியது. மரத்தை யாரும் கேட்கவில்லை.

இடத்தை ஆராய்ந்து படிவம் நிரப்பும் வேலை மூன்று பேருக்கு வந்தது. டவுன் மருந்துக்கடைக்காரரின் மகள் மாக்சின், வாய் ஓயாத ஜெரிக், அப்புறம் ரோவெலின். லாவிஸிலிருந்து முகாமுக்கு வந்த ஒரே பிள்ளை அவள்தான். முதல் நாள் மாக்சின் அவளிடம், "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, "மார்க்கெட்ல கடை" என்று சொல்லிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட்டின் பின்வாசலில் சாக்கு விரித்து மட்டியும் சங்கும் குவித்து உட்கார்வதைக் கடை என்று சொல்லலாமென்றால், அது கடைதான்.

அவர்கள் போன அன்று கடல் நன்றாக வற்றியிருந்தது. மாக்சின் வெள்ளை ஷூவைக் கழற்றிக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஜெரிக் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நண்டு நடை நடந்தான். புல்வெளியின் நடுவில் பதினான்கு பெண்கள் குனிந்த தலை நிமிராமல் இரும்புக் கொக்கியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் கட்டிய கூடை.

"அங்க பாரேன், யாரோ இருக்காங்க," என்றாள் மாக்சின். "என்ன தேடறாங்க? எதையாச்சும் தொலைச்சுட்டாங்களா?"

"மானத்தைத் தொலைச்சிருப்பாங்க," என்றான் ஜெரிக். "இல்லேன்னா இந்த வெயில்ல எதுக்கு இப்படிக் குனிஞ்சு கெடக்கணும்?"

மாக்சின் சிரித்தாள். ரோவெலினும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பின்னால் அவளை அதிகமாக அரித்தது.

கூட்டத்தில் ஒருத்தி நிமிர்ந்தாள். பழைய தேர்தல் பனியன், யாரோ தோற்றுப்போன வேட்பாளரின் முகம் சாயம் போய் மூக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை உயர்த்தி, முழங்கை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முகாம் சட்டை போட்ட தன் மகளைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"நம்மளைப் பார்த்தா கையாட்டறாங்க?" என்றாள் மாக்சின். "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியல," என்றாள் ரோவெலின். "யாரோ. எப்பவாச்சும் வருவாங்க."

"அப்போ ஏழாவதுக்கு என்ன எழுதறது? நீதானே இந்த ஊர்ப் பொண்ணு, நீயே எழுது." மாக்சின் படிவத்தை நீட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவள், தெரிந்தவளிடம் கேட்டாள்.

ரோவெலின் எழுதினாள். அம்மா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அம்மா, நெனிட்டா, சங்குக் கறி வைத்துக்கொண்டே, "உன்னைப் பார்த்தேன் இண்டாய்," என்றாள். அந்தப் பக்கத்தில் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கையைக் கையை ஆட்டினேன், நீ பார்க்கவே இல்ல. வெயில் உன் கண்ணுல அடிச்சிருக்கும்."

"ஆமாம் மா. வெயில்."

"சட்டை உனக்கு நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுப் பெபாங்கூட சொன்னா, உன் பொண்ணு ஆபீசர் மாதிரி இருக்காளேன்னு." நெனிட்டா அவள் தட்டில் பெரிய சங்காகப் பார்த்து வைத்தாள்.

இரண்டு வாரத்தில் நடவு வந்தது. இரண்டாயிரம் காய், நான்கு ஜீப்பில் பிள்ளைகள், ஒலிபெருக்கி. லாவிஸ் பெண்களும் உதவிக்கு வந்தார்கள். மகள் படிக்கிற முகாமின் காரியம் என்று நெனிட்டாதான் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தாள். தன் மண்ணில் தானே குனிந்து, ஒரு வரிசை முழுக்க, ஐம்பது காயை அவளே குத்தினாள். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து ரோவெலினைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இண்டாய், இது இங்க பிடிக்குமா? புல்லு இருக்கிற எடத்துல பாக்காவ் நின்னு நான் பார்த்ததில்லையே."

"சார் சொல்லிட்டார் மா."

"சார் சொன்னா சரி," என்று நெனிட்டா அடுத்த குழிக்கு நகர்ந்தாள். இருபது வருடமாக அந்த மண்ணை விரலால் படித்தவள். ஆனாலும் படித்தவர்கள் என்று அவள் நினைத்தது வேறு ஆட்களை.

மறுநாள் மூங்கில் நட்டுக் கயிறு கட்டினார்கள். பலகை வைத்தார்கள்: உள்ளே வரக் கூடாது. கன்று மிதிபட்டுவிடும் என்று ஊர்க்காவலர் ஒருவரை விசிலோடு நிறுத்தினார்கள். மட்டி நிறைய இருந்த பாதி இடம் கயிற்றுக்குள் போய்விட்டது. பெண்கள் ஒதுங்கி, மிச்சமிருந்த பாறை ஓரத்துப் புல்லில் நெருக்கியடித்துக் கிளறினார்கள். அங்கே கிடைக்காதபோது விளிம்பைத் தாண்டி, மார்பளவு தண்ணீரில் இறங்கி, கால் விரலால் தடவித் தேடினார்கள். நான்காம் நாள் நெனிட்டா உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல்முள்ளி ஒன்றின் மேல் காலை வைத்துவிட்டு, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மானாங் பெபாங், அதாவது பெபாங் அக்கா, அவள் பாதத்தை மடியில் வைத்துக் காடி ஊற்றி, முள்ளைக் கரைத்துக்கொண்டே பேசினாள். பெபாங்குக்குக் கை வேலை செய்தால் வாயும் வேலை செய்தாக வேண்டும்.

"காவல்காரன் சொல்றான், காகிதத்துல எழுதியிருக்காம். இந்த எடத்துல யாரும் இல்லைன்னு. நாம பதினாலு பேரும் என்ன, பேயா? எவ கை எழுதிச்சோ, அந்தக் கையில சொறி வர. அவ திங்கிற சோத்துல மண்ணு விழ."

ரோவெலின் அப்போது சோறுதான் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குச் சங்கு இல்லை, டின் மத்தி.

"விடு பெபாங்," என்றாள் நெனிட்டா, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "டவுன் பிள்ளை யாராவது எழுதியிருக்கும். அதுக்கு என்ன தெரியும்? பெத்தவங்க சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க."

ரோவெலினுக்குக் கவளம் நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தாள். அது அப்போதும் நின்றது. எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள், இரண்டு முறை கழுவினாள்.

மறுநாள் முகாமுக்கு முன்னதாகவே போனாள். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனாள். எல்மர் சார் நிறைவு விழாவுக்காக ஒலிபெருக்கிக் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் படிவத்துல ஒரு விஷயம்..."

"ரோவெலின்! உன்னைத்தான் தேடினேன். ஜூன்ல செபுவுல இளைஞர் மாநாடு. நம்ம முகாம் சார்பா உன் பேரைக் குடுத்துட்டேன். கடலோரப் பொண்ணு, தன் ஊருக்குத் தானே தீர்வு கொண்டுவந்தா. இதைவிட என்ன வேணும்? ஊர்த் தலைவர் கேப்டன் வேற ரொம்பக் குஷியா இருக்கார். நிறைவு நாள்ல மிச்ச எடத்தையும் பாறை வரைக்கும் நடவுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறார். ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?"

பாறை வரைக்கும் என்றால் முழுவதும். கணுக்கால் தண்ணீரில் கால் வைக்க ஒரு சாண் மிஞ்சாது. அது ரோவெலினுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, ஆள் எதிரில் இருந்தார். செபு என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் வாழ்நாளில் போஹோலை விட்டு வெளியே போனதில்லை. கேட்கிறவர்களுக்கு இது ஒரு காரணமாகவே தெரியாது, அவளுக்கே தெரியவில்லை. அன்று முதல் அம்மா நொண்டிக்கொண்டு நடப்பதைப் பார்க்காமலிருக்க, அம்மா எழுவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள்.

நிறைவு விழா ஊர்க் கூடைப்பந்து மைதானத்தின் தகரக் கூரைக்கு அடியில் நடந்தது. மேடையில் ஊர்த் தலைவர், எல்லாருக்கும் கேப்டன், பக்கத்தில் மாகாண அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்கார அம்மாள். நீள மேசையில் பன்றி வறுவல், தென்னோலைப் பொட்டலத்தில் கட்டிய புசோ சோறு, பச்சை மாங்காய். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ரோவெலின் பெயரைச் சொன்னபோது கைதட்டல் கூடுதலாக இருந்தது. அவள் பிளாஸ்டிக் சட்டமிட்ட சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் பெண்கள் வந்தார்கள். பதினான்கு பேரும், குளித்து, தலை வாரி, மாதாகோயிலுக்குப் போகிற உடுப்பில். முன்னால் நெனிட்டா, காலில் துணிக்கட்டு.

"கேப்டன், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை," என்றாள் நெனிட்டா. "மரம் நடறதை நாங்க வேணாம்னு சொல்லல. நானே நட்டேன். ஆனா பாறை வரைக்கும் போட்டீங்கன்னா நாங்க எங்க போவோம்? பிள்ளைங்களுக்குக் கொழம்பே அங்கேர்ந்துதான் வருது."

"பார்றா," என்றார் கேப்டன். "இத்தனை நாள் இல்லாத ஆளுங்க இன்னைக்கு மொளைச்சிருக்காங்க. எல்மர், அந்தப் படிவத்தை எடுப்பா."

எல்மர் சார் கோப்பைப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். கேப்டன் ஒலிபெருக்கியில் வாசித்தார். ஏழாம் கேள்வி. யாரும் இல்லை. தகரக் கூரை அதை இன்னொரு தடவை சொன்னது.

"யார் எழுதினது?"

"ரோவெலின்," என்றாள் மாக்சின், உதவி செய்கிற குரலில். "அவ லாவிஸ் பொண்ணு, கேப்டன். அவளுக்குத்தான் தெரியும்னு அவளையே எழுதச் சொன்னோம்."

மானாங் பெபாங்கின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த வாய் சத்தமில்லாமல் நின்றதை லாவிஸ் அதற்கு முன் பார்த்ததில்லை. நெனிட்டா மகளைப் பார்த்தாள். ரோவெலின் சான்றிதழைப் பார்த்தாள்.

கேப்டனுக்கு வெல்லம் கிடைத்தாற்போல் இருந்தது. "அட, நெனிட்டா! உன் பொண்ணே எழுதியிருக்கா. இப்போ நீயே சொல்லு. நீ சொல்றது சரியா, உன் பொண்ணு எழுதினது சரியா? தப்பா எழுதியிருந்தா அதுக்கு வேற விசாரணை. மாகாணத்து மேடம் வேற உக்காந்திருக்காங்க. செபுவுக்கு வேற அவ பேர் போயிருக்கு."

நெனிட்டா கட்டுப் போட்ட காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றினாள். என்ன கணக்குப் போட்டாளோ, அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளை எழுதினது சரிதான் கேப்டன்," என்றாள். "நாங்க எப்பவாச்சும்தான் போவோம். அதெல்லாம் ஒரு போக்கா? யாரும் இல்லைன்னே வெச்சுக்கலாம்."

"அடியே நெனிட்டா! உனக்கென்ன பித்தா?" என்று பெபாங் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் பேனா மூடியைக் கழற்றினார்.

ரோவெலின் எழுந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை, சான்றிதழ் கீழே விழுந்து சட்டம் உடைந்த சத்தத்தில்தான் தெரிந்தது. எத்தனையோ நாள் கோத்துவைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்:

"அம்மா பொய் சொல்றாங்க."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்காகச் சொல்றாங்க. அன்னைக்கு அங்க பதினாலு பேர் இருந்தாங்க. தெனமும் இருப்பாங்க. அம்மா என்னைப் பார்த்துக் கையாட்டினாங்க. மாக்சின் யாருன்னு கேட்டா. தெரியலன்னு சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. அதான் எழுதிட்டேன்." அழுகை வந்தது, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் தின்ன சோறு பூரா அங்கேர்ந்துதான் சார் வந்துச்சு."

கேப்டன் பேனாவை மூடினார். அவருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். மாகாணத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் குறிப்பேட்டைத் திறந்து, "உங்க பேர் எல்லாம் சொல்லுங்க" என்று அந்தப் பெண்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். பாறை வரைக்குமான காகிதம் அப்படியே மடிந்து பைக்குள் போனது. எல்மர் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு தடவை காலையில வந்து நின்னு பார்த்திருந்தா போதும்," என்றார் அவர் நெனிட்டாவிடம். "பார்க்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

"சரி சார்," என்றாள் நெனிட்டா.

ஏற்கெனவே நட்டதை என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒன்றும் செய்ய முடியாதாம். பிடிக்கிற மண்ணோ பிடிக்காத மண்ணோ, நட்டுவிட்ட அலையாத்தியைப் பிடுங்கினால் சட்டப்படி குற்றம். அது இருக்கிற வரைக்கும் கயிறும் இருக்கும், பலகையும் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை எண்ணி எழுத வேண்டும். எண்ணுகிற வேலையை ரோவெலின் கேட்டு வாங்கிக்கொண்டாள். செபுவுக்கு மாக்சின் போனாள்.

அன்று மைதானத்திலிருந்து வீட்டுக்கு அம்மாவும் மகளும் நடந்தே வந்தார்கள். பெபாங் முதலானவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ரோவெலின் திட்டு விழும் என்று காத்துக்கொண்டே நடந்தாள், திட்டினால் தேவலை போலிருந்தது. மாதாகோயில் திருப்பம் வந்ததும் நெனிட்டா நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொன்னியே."

"ம்."

"அடிச்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று ரோவெலினுக்குப் பிற்பாடு தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவளிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"இல்ல மா. நல்லாத் தெரிஞ்சுது. பார்த்துட்டுத்தான் ஆட்டல."

நெனிட்டா தலையாட்டினாள். பிறகு நடந்தாள். அன்றும் அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் சோறு போட்டாள், துணி துவைத்தாள், சாப்பிடு என்றாள், தூங்கு என்றாள். இண்டாய் என்று மட்டும் கூப்பிடவில்லை.

ஜூன் வந்தது, பள்ளி திறந்தது. எல்மர் சார் வேறு ஊரில் வேறு முப்பது பிள்ளைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே முதல் நாளே பிள்ளைகளைக் கடற்கரையில் இறக்கி நிற்க வைத்தார் என்று கேள்வி. ரோவெலின் சனிக்கிழமைதோறும் கயிற்றுக்குள் குனிந்து எண்ணினாள். கன்றுகளின் தண்டில் சிப்பிபோல் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு அப்பியிருந்தது, பாசி சுற்றி இலையை இழுத்துச் சாய்த்திருந்தது. இரண்டாயிரம் ஆயிரமானது, ஆயிரம் அறுநூறானது. மரம் நடக் கற்றுக்கொண்ட பெண், ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதாவை வேண்டிக்கொண்டாள், இது சீக்கிரம் செத்துப்போகட்டும் என்று. வேண்டிக்கொண்டபின் அந்தக் கன்றுகளைப் பார்க்கவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவை ஒரு பாவமும் அறியாதவை. கொண்டுவந்து குத்தியது யார்?

ஒரு சனிக்கிழமை நானூற்றுச் சொச்சம் நின்றது. அம்மா நட்ட வரிசையில் ஒன்றுகூட இல்லை. ரோவெலின் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தாள். தூரத்தில், பாறை விளிம்புக்கு அப்பால், பெண்களின் தலையும் தோளும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. தேர்தல் பனியனை அடையாளம் கண்டாள். கையை உயர்த்தினாள். முழங்கை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

நெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். வெயில் அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணில் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

பெபாங்தான் கத்தினாள். "ஏ ஆபீசரம்மா! உன் குச்சியெல்லாம் செத்துச்சா இல்லையா?"

"நானூறு பாக்கி இருக்கு மானாங்!"

"சீக்கிரம் சாகச் சொல்லுடி! எங்களுக்கு வயசாகுது!" பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெனிட்டா சிரிக்கவில்லை.

ரோவெலின் நோட்டை மூங்கிலில் செருகினாள். கயிற்றைத் தாண்டி வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விளிம்புவரை நடந்து, தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கடைசி அடியில் தரை சட்டென்று விலகி, தண்ணீர் மார்புக்கு வந்தது. பாவாடை மிதந்து மேலே வந்தது, அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். இத்தனை ஆழத்தில் அம்மா தினமும் நிற்கிறாள் என்று கேட்டிருந்தாள். நின்று பார்த்தது இப்போதுதான். ஒவ்வொரு அலைக்கும் காலைப் பிடுங்கியது.

நெனிட்டா அவளைப் பார்க்காமலே கால் விரலால் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நிக்குதுன்னு சொன்ன?"

"நானூத்திச் சொச்சம் மா."

"என் வரிசை?"

"எல்லாம் போச்சு."

நெனிட்டா இடுப்பிலிருந்து கூடையை அவிழ்த்தாள். மகளின் இடுப்பைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"அந்த நானூறும் சாகிற வரைக்கும் சனிக்கிழமை இதை நீதான் சுமக்கணும், இண்டாய்," என்றாள். "காலை மெதுவா வை. முள்ளி இருக்கும்."

ரோவெலின் தலையாட்டினாள். கூடைக்குள் பார்த்தாள். கடல் ஏறத் தொடங்கும் நேரமாகிவிட்டது, அடியில் ஏழெட்டு மட்டிதான் கிடந்தது.